வெந்நீரும் தடுப்பூசியும் சொந்தமும்

ஓசூர்ப் பக்கம் ஒரு குழந்தைக்கு ஃபிட்ஸ் வந்துவிட்டால், முதல் மாத்திரை உள்ளே போவதற்குள் வீட்டில் காரணம் முடிவாகிவிடும். பாட்டி தலைக்கு ரொம்பச் சூடாக ஊற்றிவிட்டாள். சுகாதார நிலையத்தில் ஊசி போட்ட அன்றைக்கு ராத்திரிதான் கை கால் இழுத்தது. சொந்தத்தில் கட்ட வேண்டாம் என்று அப்போதே சொன்னோம், யார் கேட்டார்கள். இந்த மூன்றில் ஏதாவது ஒன்று. சில வீடுகளில் மூன்றும். எந்தப் பழியாக இருந்தாலும் கடைசியில் போய் இறங்குவது பெரும்பாலும் குழந்தையைப் பெற்றவள் தலையில்தான்.

இதையெல்லாம் அறியாமை என்று ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. மூன்றையும் மருத்துவர்களே ஒரு காலத்தில் காரணமாக எழுதிவைத்திருக்கிறார்கள். மூன்றிலும் கவனிக்க வேண்டிய ஏதோ ஒன்று இருக்கவும் செய்கிறது. ஆனால், கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் மரபணு ஆய்வு இந்தக் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துப் பார்த்திருக்கிறது. அதில் தெரியவந்தவை நோயாளியின் வீட்டுக்கு வந்து சேரவில்லை என்பதே என் ஆதங்கம்.

அந்த ஆய்வில் ஒரு பங்கு இங்கிருந்து எட்டிப்பிடிக்கும் தூரத்தில் நடந்தது. பெங்களூரில் ஓசூர் சாலை என்றே பெயர் பெற்ற சாலையில்தான் நிம்ஹான்ஸ் இருக்கிறது. பழைய மைசூர் அரசின் மனநல மருத்துவமனையும், 1954-ல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனமும் 1974-ல் ஒன்றாக்கப்பட்டு உருவானது அது. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டியதும் வரும் எலக்ட்ரானிக் சிட்டியில் மனித மரபியல் மையம் இருக்கிறது. ஓசூர் பேருந்து நிலையத்தில் ஏறினால் நாற்பது கிலோமீட்டருக்குள் இரண்டையும் பார்த்துவிடலாம். சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போக முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். தளியிலிருந்து வரும் விவசாயிக்கும், சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கும் தொழிலாளிக்கும், குழந்தையின் மூளைக்கு ஏதாவது என்றால் சாலை வடக்கு நோக்கித்தான் போகிறது.

முதலில் வெந்நீர். தலையில் சூடான நீர் விழும்போது வரும் வலிப்பு ஒன்று உண்மையிலேயே உண்டு. 1945-ல் நியூசிலாந்திலிருந்து அதைப் பற்றிய முதல் குறிப்பு வந்தது. பிறகு ஜப்பான், துருக்கி என்று ஆங்காங்கே பதிவானது. ஆனால், நூற்றுக்கணக்கில் கண்டது தென்னிந்தியாவில், அதிலும் பழைய மைசூர் வட்டாரத்தில்தான். நரம்பியல் மருத்துவர் கே.எஸ். மணி தம் சகாக்களுடன் 1968-ல் இதைப் பற்றி எழுதினார். பின்னர் 108 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார். நிம்ஹான்ஸில் பி. சதீஷ்சந்திராவின் குழு 1988-ல் 279 பேரைப் பற்றி எழுதியது. ஒரே வகை வலிப்புக்கு ஒரே இடத்திலிருந்து இத்தனை பேர் என்பது உலக நரம்பியலுக்குப் புதிது.

நம் குளியலைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் இதன் இயக்கம் புரியும். அண்டாவில் நீர் காய்கிறது. குழந்தையை மணையில் உட்காரவைத்து, எண்ணெய் தேய்த்த தலையில் சொம்பு சொம்பாக, மூச்சுவிட இடைவெளி கொடுக்காமல் ஊற்றுகிறோம். நீரின் சூடு 40 முதல் 50 டிகிரி செல்சியஸ். உடம்பில் வேறெங்கே ஊற்றினாலும் ஒன்றும் ஆவதில்லை. தலையில் ஊற்றினால்தான் வருகிறது. ஆரம்பத்தில் குழந்தை வெறித்துப் பார்க்கும், சம்பந்தமில்லாமல் ஏதாவது பேசும், காரணமில்லாமல் பயப்படும். சிலருக்கு அந்த நொடியில் ஒரு விதமான இன்பம் உண்டாவதால், நிறுத்தச் சொன்னாலும் கேட்காமல் தாங்களே மேலும் மேலும் ஊற்றிக்கொள்வார்கள். பிறகு நினைவு தப்பும்; சிலருக்குக் கை கால் வெட்டி இழுக்கும். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு இது இரண்டு மூன்று மடங்கு அதிகம். இவர்களில் ஒரு பகுதியினருக்குப் பிற்காலத்தில் வெந்நீர் இல்லாமலேயே வலிப்பு வருவதும் உண்டு.

அப்படியானால் தவறு பாட்டியுடையதா? அதே அண்டா நீரில் அதே சொம்பில் குளித்த அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒன்றும் ஆகவில்லையே. இந்தக் கேள்வியிலிருந்துதான் மரபணு ஆய்வு தொடங்கியது. நோயாளிகளில் ஒரு பகுதியினரின் குடும்பத்தில் சித்தப்பாவுக்கோ பாட்டனுக்கோ இதே தொல்லை இருந்திருக்கிறது. பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் அனுரஞ்சன் ஆனந்தின் குழு நிம்ஹான்ஸ் மருத்துவர்களுடன் சேர்ந்து அப்படிப்பட்ட பெரிய குடும்பங்களின் ரத்த மாதிரிகளை ஆராய்ந்தது. 2009-ல் ஒரு குடும்பத்தில் 10-ஆம் குரோமோசோமிலும் வேறு குடும்பத்தில் 4-ஆம் குரோமோசோமிலும் நோய்க்கான இடம் குறிக்கப்பட்டது. 2017-ல் எஸ்.எல்.சி.1ஏ1 என்ற மரபணுவில் அரிய மாற்றங்கள் சிலரிடம் கண்டறியப்பட்டன. நரம்பணுக்களுக்கு இடையே கொட்டப்படும் குளூட்டமேட் என்ற கிளர்ச்சிப் பொருளை உள்ளே இழுத்துச் சுத்தம் செய்யும் புரதத்தை அந்த மரபணு உருவாக்குகிறது. சுத்தம் செய்வது தாமதமானால் நரம்பணு கிளர்ச்சியிலேயே நீடிக்கும். திடீர்ச் சூடு அதை எல்லை தாண்ட வைக்கும்.

எல்லா வெந்நீர் வலிப்புக்கும் இந்த ஒரு மரபணுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. சில குடும்பங்களுக்குத்தான் விடை கிடைத்திருக்கிறது. ஆனாலும் அந்தச் சில குடும்பங்கள் போதும், பாட்டியை விடுவிக்க. வெந்நீர் தூண்டியது, தூண்டப்படும் தன்மை முன்பே குழந்தையிடம் இருந்தது. வைத்தியமும் எளிது. நீரின் சூட்டைக் குறைத்தாலே பலருக்கு நின்றுவிடுகிறது. அதற்கும் நிற்காதவர்களுக்கு, தலைக்குக் குளிக்கும் நாளில் மட்டும், குளிப்பதற்கு ஒன்றரை இரண்டு மணி நேரம் முன்னால் மருத்துவர் சொன்ன அளவில் குளோபசாம் மாத்திரை. வருடக்கணக்கில் தினமும் மருந்து விழுங்க வேண்டிய அவசியம் பலருக்கு இல்லை என்று காட்டியதும் நிம்ஹான்ஸ்தான்.

ஆனால் ஓர் எச்சரிக்கை, அதுவும் குறிப்பாக இந்த வட்டாரத்துக்கு. வெந்நீர் வலிப்பு என்ற பெயர் இங்கே பழகிப்போனதால், வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டும்போது வரும் எல்லா வலிப்பையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடும் ஆபத்து இருக்கிறது. ஒரு வயது நிறையாத குழந்தை, ஐந்தாம் மாதமோ ஏழாம் மாதமோ. குளியலிலோ லேசான காய்ச்சலிலோ வலிப்பு வருகிறது. ஐந்து நிமிடத்தில் நிற்காமல் அரை மணி நேரம் நீடிக்கிறது. ஒரு தடவை வலக்கை, அடுத்த தடவை இடக்கை. இது வேறு நோயாக இருக்கலாம். 1978-ல் பிரான்சில் ஷார்லட் டிராவே என்ற மருத்துவர் விவரித்ததால் டிராவே நோய் என்கிறார்கள். முதல் ஆண்டில் குழந்தை நன்றாகவே வளரும், ஸ்கேன் எதிலும் ஒன்றும் தெரியாது. இரண்டாம் ஆண்டு முதல் பேச்சும் நடையும் பின்தங்கும்.

2001-ல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் டிராவே நோயுள்ள ஏழு குழந்தைகளைச் சோதித்தார்கள். ஏழு பேரிடமும் எஸ்.சி.என்.1ஏ என்ற மரபணுவில் பிறழ்வு இருந்தது. அவர்களின் பெற்றோர் ஒருவரிடமும் அது இல்லை. என் வரையில் இந்தத் துறையில் வந்த செய்திகளிலேயே குடும்பங்களுக்கு மிக முக்கியமானது இந்த இரண்டாவது பாதிதான். பிறழ்வு குழந்தையிடம் புதிதாகத் தோன்றியது. நாம் ஒவ்வொருவரும் தாய் தந்தை இருவரிடமும் இல்லாத அறுபது எழுபது புதிய எழுத்து மாற்றங்களோடுதான் பிறக்கிறோம். அநேகமாக அவை தீங்கில்லாத இடத்தில் விழும். எப்போதாவது ஒன்று மூளைக்கு இன்றியமையாத மரபணுவில் விழுந்துவிடுகிறது. அதற்குச் சொந்தத்தில் கட்டியதும் காரணமில்லை, கர்ப்ப காலத்தில் சாப்பிட்டதும் காரணமில்லை, கிரகணமும் காரணமில்லை.

ஊசியின் கதையும் இங்கேதான் முடிச்சவிழ்கிறது. தடுப்பூசியால் மூளை பாதிக்கப்பட்டது என்று முன்பு முடிவுகட்டப்பட்ட 14 பேரை ஆஸ்திரேலியாவின் சாமுவேல் பெர்கோவிச் குழு திரும்ப ஆராய்ந்து 2006-ல் எழுதியது. அவர்களில் 11 பேரிடம் எஸ்.சி.என்.1ஏ பிறழ்வு இருந்தது. தடுப்பூசி போட்டால் ஓரிரு நாள் காய்ச்சல் வருவது இயல்பு. டிராவே நோயுள்ள குழந்தைக்குக் காய்ச்சல் எதுவானாலும் வலிப்பைத் தூண்டும். அந்த ஊசி போடாமல் இருந்திருந்தால் அடுத்த சளிக் காய்ச்சலில் வந்திருக்கும். ஊசி போட்டதால் நோயின் பிற்காலப் போக்கு மாறுவதில்லை என்பதும் பிறகு உறுதியானது. இதை யாரும் எடுத்துச் சொல்லாத வீட்டில் அடுத்த குழந்தைக்குத் தட்டம்மை ஊசி கூடப் போடுவதில்லை. மலைக்கிராமத்துக்கு ஊசிப் பெட்டியோடு ஏறிப்போகும் கிராம செவிலியர், ஊர் முழுக்கப் பேசப்பட்ட ஒரு குழந்தையின் கதையோடு வாதாட வேண்டியிருக்கிறது.

பழி நீங்குவதற்கு மட்டுமே மரபணுவின் பெயர் தெரிய வேண்டும் என்றால், இவ்வளவு செலவும் அலைச்சலும் எதற்கு என்று கேட்கலாம். மாத்திரை மாறுகிறது, அதற்காக. எஸ்.சி.என்.1ஏ உருவாக்கும் சோடியக் கால்வாய் பெரும்பாலும் மூளையில் கிளர்ச்சியை அடக்கும் நரம்பணுக்களில் வேலை செய்கிறது. டிராவே நோயில் அந்தக் கால்வாய்கள் பாதிதான் இருக்கின்றன. அடக்குகிறவை சோர்ந்து கிடக்கின்றன. கார்பமசெபின், பெனிட்டாயின், லாமோட்ரிஜின் ஆகிய மருந்துகள் வேலை செய்வதே சோடியக் கால்வாய்களை அடைத்துத்தான். மற்றவர்களின் வலிப்பை நிறுத்தும் அதே மருந்து, இந்தக் குழந்தைக்கு இருக்கும் கொஞ்சநஞ்ச அடக்கத்தையும் கெடுத்து வலிப்பைக் கூட்டிவிடலாம். வால்புரோயேட், குளோபசாம், ஸ்டிரிபென்டால் என்று வேறு வரிசையில் போக வேண்டும். (இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்துவதும் வலிப்பைக் கொண்டுவரும். மருத்துவரிடம் கேட்டே மாற்ற வேண்டும்.)

இப்போது அதே கார்பமசெபின், வேறொரு பிள்ளை. வயது பத்து, பன்னிரண்டு. பள்ளியில் மணி அடித்ததும் பெஞ்சிலிருந்து சட்டென்று எழுகிறான். எழுந்த வேகத்தில் ஒரு கை முறுக்கிக்கொள்கிறது, கால் வளைகிறது, முகம் கோணுகிறது. பத்து இருபது நொடி. நினைவு முழுதாக இருக்கிறது. பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஓடிவிடுகிறான். ஒரு நாளில் பத்து முறை கூட இப்படி வரும். நடிக்கிறான் என்பார் ஆசிரியர். வீட்டில் வேப்பிலை அடிப்பார்கள். இ.இ.ஜி. எடுத்தால் கோளாறு எதுவும் தெரியாது. 2011-ல் சீன ஆய்வாளர்கள் இதற்குக் காரணமான பி.ஆர்.ஆர்.டி.2 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அதே குடும்பத்தில் இன்னொருவருக்குக் கைக்குழந்தையாக இருந்தபோது ஆறாம் மாதத்தில் வலிப்பு வந்து, இரண்டு வயதுக்குள் தானாக நின்றிருக்கும். வலிப்பு, அசைவுக் கோளாறு என்று பாடப்புத்தகத்தில் இரண்டு அத்தியாயமாக இருந்தவை ஒரே மரபணுவின் இரண்டு வயதுகள் என்று தெரிந்தது. இந்தப் பையனுக்குக் குறைந்த அளவு கார்பமசெபின் கொடுத்தால், பலருக்குச் சில நாட்களிலேயே எல்லாம் நின்றுவிடுகிறது. அங்கே வலிப்பைக் கூட்டிய மருந்து இங்கே நோயை நிறுத்துகிறது.

சொந்தத்தில் கட்டியது என்ற மூன்றாவது காரணத்துக்கு வருவோம். இதைத் தொடவே பலர் தயங்குகிறார்கள். ஒரு பக்கம் இதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்கிறவர்கள்; இன்னொரு பக்கம் காலங்காலமாகக் கட்டிவருகிறோம், என்ன ஆகிவிட்டது என்கிறவர்கள். கணக்கைப் பார்ப்போம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்திய அளவில் நூற்றுக்குப் பதினொரு பெண்கள் உறவில் மணந்தவர்கள். தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் அது கால் பங்குக்கும் மேல். எல்லையில் இருக்கும் கிருஷ்ணகிரிக்கு இரு பக்கமும் அதே வழக்கம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் மொழியில் வேறுபட்டாலும் மாமன் மகளிலும் அக்கா மகளிலும் ஒன்றுபடுகின்றன. அத்தை மகனும் மாமன் மகளும் எட்டில் ஒரு பங்கு மரபணுவைப் பகிர்கிறார்கள். தாய்மாமனும் அக்கா மகளும் கால் பங்கு. ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் கெட்டால் மட்டுமே வரும் நோய்களுக்கு இந்தப் பகிர்வு வழி திறந்துவிடுகிறது. பொதுவாக எந்தத் தம்பதிக்கும் பிறவிக் குறையுள்ள குழந்தை பிறக்க நூற்றுக்கு இரண்டு மூன்று வாய்ப்பு உண்டு. முறைப்பெண்ணைக் கட்டினால் அதோடு இன்னும் இரண்டு மூன்று சேரும். மீதி தொண்ணூறுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. அதனால்தான் இரு தரப்பும் தங்கள் அனுபவத்தைச் சான்றாகக் காட்ட முடிகிறது.

வேலூர் சி.எம்.சி.யைச் சேர்ந்த பி.எஸ்.எஸ். சுந்தர் ராவும் எஸ்.ஜி. இன்பராஜும் 1970களில் வட ஆர்க்காட்டில் நடத்திய பெரிய ஆய்வில், உறவுத் திருமணங்களால் கருச்சிதைவோ குழந்தை இறப்போ குறிப்பிடும்படி கூடவில்லை என்று கண்டார்கள். தலைமுறை தலைமுறையாக நடந்ததில் கெட்ட மரபணுக்கள் வடிகட்டப்பட்டிருக்கலாம் என்ற கருத்து அதிலிருந்து எழுந்தது. அது முழு உண்மையாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும். 1980களில் கர்நாடகத்தில் பிறந்த குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தவர்கள், பெற்றோரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் சொந்தத்தில் மணந்தவர்கள் என்றும், அமினோ அமிலக் கோளாறுகள் அவர்களின் குழந்தைகளிடம் கூடுதல் என்றும் பதிவுசெய்தார்கள். வடிகட்டல் நடந்திருந்தாலும், அரிய நோய்களின் மரபணுக்கள் அதில் தப்பிவிடுகின்றன.

அசைவுக் கோளாறுகளில் இதற்கு நல்ல சான்று வில்சன் நோய். உணவில் வரும் செம்பை ஈரல் பித்தத்தில் கழித்துவிட வேண்டும், ஏ.டி.பி.7பி என்ற மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதானால் அது முடியாமல், செம்பு ஈரலிலும் பிறகு மூளையிலும் படிகிறது. பள்ளிப் பருவத்தில் முதலில் காட்டிக்கொடுப்பது சில சமயம் நோட்டுப் புத்தகம்தான். ஜூன் மாதம் வரிசையாக இருந்த எழுத்து, டிசம்பரில் கோணி, சிறுத்து, கோட்டை விட்டு இறங்குகிறது. வாயில் எச்சில் நிற்பதில்லை. பேச்சு குழறுகிறது. அடம்பிடிக்கிறாள், படிப்பில் கவனம் இல்லை என்று பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்கிறது பள்ளி. கண் மருத்துவர் கருவிழியின் ஓரத்தைக் கருவி வைத்துப் பார்த்தால் பழுப்பு வளையம் தெரியும். நிம்ஹான்ஸில் ஏ.பி. டாலியும் குழுவினரும் முப்பது ஆண்டுகளில் தாங்கள் பார்த்த 282 வில்சன் நோயாளிகளைப் பற்றி 2007-ல் எழுதினார்கள். அவர்களில் கணிசமானோரின் பெற்றோர் உறவில் மணந்தவர்கள். உலகின் பெரிய தொகுப்புகளில் அதுவும் ஒன்று. இந்த நோய்க்கு மருந்து இருக்கிறது: பெனிசில்லமின், துத்தநாக மாத்திரை. ஆயுள் முழுக்க எடுக்க வேண்டும். ஆனால், தாமதமாக வந்தவர்களின் மூளையில் நடந்த சேதம் முழுதாகத் திரும்பிவருவதில்லை.

எல்லாப் பெயரும் மருந்தோடு வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். லஃபோரா என்றொரு வலிப்பு நோய் தென்னிந்தியாவில் பல குடும்பங்களில் பதிவாகியிருக்கிறது. அதற்கும் இரண்டு பிரதியும் கெட வேண்டும். பதின்வயதில் கை வெட்டி வெட்டி இழுப்பதில் தொடங்கி, பத்து ஆண்டுகளில் எல்லாவற்றையும் பறித்துவிடும். 1998 முதல் அதன் மரபணு தெரியும். தடுத்து நிறுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. அந்த வீட்டுக்கு நோயின் பெயர் தருவது, அடுத்த கர்ப்பத்தைப் பற்றி அறிந்து முடிவெடுக்கும் உரிமையைத்தான்.

சொந்தத்தில் கட்டினீர்களா என்று மருத்துவரும் கேட்கிறார், மாமியாரும் கேட்கிறார். மருத்துவர் கேட்பது குடும்ப மரம் வரைவதற்கு. ஆனால் கேட்கப்படும் பெண்ணின் காதில் இரண்டும் ஒன்றாகத்தான் விழுகின்றன. ஆம் என்றாலும் அது காரணமாக இருக்க வேண்டியதில்லை; மாமன் மகனைக் கட்டியவளின் குழந்தைக்கும் டிராவே நோய் புதிதாகத் தோன்றலாம். இல்லை என்றாலும் நிம்மதி இல்லை. உறவே இல்லாத, வேறு ஊர்ப் பெண்ணாக இருந்தாலும், ஒரே சமூகத்துக்குள் நூற்றாண்டுகளாகக் கட்டிவந்த கூட்டத்தில் எல்லோரும் ஏதோ ஒரு முப்பாட்டனின் மரபணுவைச் சுமக்கிறார்கள். வைசியர் சமூகத்தில் அறுவைச் சிகிச்சையின்போது கொடுக்கும் ஒரு தசைத் தளர்த்தியைச் சிதைக்கும் நொதி இல்லாதவர்கள் அதிகம் என்பது நீண்டகாலமாகத் தெரிந்த செய்தி. 2017-ல் தெற்காசிய மக்கள்தொகைகளை ஆராய்ந்த குழு, இப்படி ஒரு சிறு கூட்டத்திலிருந்து பெருகிய சமூகங்கள் இந்தியாவில் ஏராளம் என்றும், ஒவ்வொன்றிலும் அதற்கே உரிய நோய் மரபணுக்களைத் தேட வேண்டும் என்றும் காட்டியது. வேறு ஊரில் கட்டினால் போதும் என்ற அறிவுரை பாதிதான் உதவும்.

உணவே மருந்தாகும் ஒரு நோயையும் இங்கே குறிப்பிட வேண்டும், ஏனென்றால் இந்த மாவட்டத்தின் தட்டோடு அது நேராக மோதுகிறது. எஸ்.எல்.சி.2ஏ1 மரபணு பழுதானால் ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தாலும் மூளைக்குள் போய்ச் சேராது. காலையில் வெறும் வயிற்றில் வலிப்பு. கொஞ்ச தூரம் ஓடினால் கால் முறுக்கிக்கொள்ளும். முதுகுத்தண்டு நீரில் சர்க்கரை குறைந்திருப்பதைக் கொண்டு 1991-ல் டாரில் டி விவோ என்ற அமெரிக்க மருத்துவர் கண்டறிந்த நோய் இது. இதுவும் பெரும்பாலும் புதிதாகத் தோன்றும் பிறழ்வுதான். மூளைக்கு மாற்று எரிபொருள் கொடுத்தால் போதும்: மாவுச்சத்தை ஏறக்குறைய நிறுத்தி, கொழுப்பைப் பெருக்கும் கீட்டோ உணவு. தேங்காய் எண்ணெய், நெய், முட்டை, பனீர், கிராம் கிராமாக நிறுத்த அளவில். காலையில் ராகிக் களி, மதியம் சோறு என்று இருக்கும் வீட்டில், ஒரு குழந்தைக்கு மட்டும் களியும் சோறும் கிடையாது என்பது என்ன என்பதைச் சமைக்கிறவள்தான் சொல்ல முடியும். ஆனால், வேறெந்த மாத்திரைக்கும் நிற்காத வலிப்பு இதற்கு நிற்கிறது. நோயின் பெயர் உறுதியாகத் தெரியாமல் அந்தத் தியாகத்தை யாரிடமும் கேட்க முடியாது.

எக்சோம் என்ற பரிசோதனை இப்போது வந்துவிட்டது. புரதங்களை உருவாக்கும் சுமார் 20,000 மரபணுக்களையும் ஒரே நேரத்தில் வாசிக்கிறார்கள். ஆனாலும் காரணம் தெரியாத குழந்தை வலிப்புகளில் பாதிப் பேருக்குக் கூட விடை வருவதில்லை. சில சமயம் வரும் விடை, இது நோயா இயல்பான வேறுபாடா என்று சொல்ல முடியவில்லை என்பதாக இருக்கும். ஐரோப்பியர்களை வைத்துத் தொகுத்த தரவில் அரிதாகத் தெரியும் ஒரு மாற்றம், நம் சமூகம் ஒன்றில் சாதாரணமாக இருக்கலாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்தில் உள்ள மூளை ஆய்வு மையத்தின் தலைமையில் நடந்த ஜீனோம் இந்தியா திட்டம் நாடெங்கும் 10,000 பேரின் மரபுத்தொகையை வாசித்து, 2025 ஜனவரியில் தரவுகளை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. ஆகவே, மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒன்றும் தெரியவில்லை என்று வந்த அறிக்கையைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்பது வீண் வேலை இல்லை. பழைய தரவிலிருந்தே புதிய விடை வருகிறது. அந்தக் கோப்பைத் தொலைக்காமல் வைத்திருங்கள்.

சோதனை தெளிவாக வர, குழந்தையோடு தாய் தந்தை இருவரின் ரத்தமும் வேண்டும். பிறழ்வு புதிதா, வந்ததா என்பதை அப்படித்தான் அறிய முடியும். ஓசூரில் இது சொல்வதைவிடக் கடினம். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து ஒப்பந்த வேலை பார்க்கும் தகப்பனுக்கு ஒரு நாள் விடுப்பு என்றால் ஒரு நாள் கூலி. சில வீடுகளில் தாயும் குழந்தையும் சொந்த ஊரில், தகப்பன் இங்கே. முடிவு வந்தபின் விளக்கும் மரபணு ஆலோசகர் எந்த மொழியில் பேசுவார்? ஒரு பிரதி, இரண்டு பிரதி, நான்கில் ஒன்று என்பதைத் தன் மொழியில் கேட்டாலே இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கும். நான்கில் ஒன்று என்றால், ஒன்று பிறந்துவிட்டது, இனி மூன்று நல்லதாகப் பிறக்கும் என்று புரிந்துகொள்கிறவர்கள் உண்டு. ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதே நான்கில் ஒன்று என்பதை நிதானமாகச் சொல்ல ஆள் வேண்டும். புதிதாகத் தோன்றிய பிறழ்வு என்றால் மீண்டும் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. அதையும் அதே நிதானத்தோடு சொல்ல வேண்டும். முதல் குழந்தையின் மரபணுப் பெயர் முன்கூட்டியே தெரிந்திருந்தால், அடுத்த கர்ப்பத்தில் பதினொன்று, பன்னிரண்டு வாரத்தில் நச்சுக்கொடித் திசுவை எடுத்துச் சோதிக்கலாம். கருவில் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டமே, மரபணு நோயைக் கண்டறியும் சோதனையை அனுமதிக்கிறது.

அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021-ல் வந்தது. அதன்படி எலக்ட்ரானிக் சிட்டியின் மனித மரபியல் மையமும் இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனமும் சேர்ந்து ஒரு சிறப்பு மையம். பிற்பாடு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் சேர்க்கப்பட்டது. பட்டியலில் உள்ள நோய்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. அது தேவைதான். ஆனால், குழந்தை வலிப்பிலும் அசைவுக் கோளாறிலும் குணமாகக்கூடிய நோய்கள் பலவற்றுக்கு லட்சங்கள் வேண்டியதில்லை. பயோட்டின், பைரிடாக்சின், எல்-டோபா, துத்தநாகம்: மாதம் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரங்களுக்குள் முடியும் மருந்துகள். செலவு முழுவதும் கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது. கண்டுபிடிப்பதற்கு ஒரு வழியும் இல்லாமல் சிகிச்சைக்கு நிதி ஒதுக்குவதில் எனக்கு நிறைவில்லை.

சோதனைக்காகக் குழந்தை அலைய வேண்டிய அவசியமே குறைவு. ரத்தம் அலையலாம். ஊதா நிற மூடி போட்ட குழாயில் இரண்டு மூன்று மில்லி. மரபணு எளிதில் கெடாது, குளிர்ப்பெட்டியில் நாட்கணக்கில் தாங்கும். 2022-ல் திறந்த கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியிலோ ஓசூர் அரசு மருத்துவமனையிலோ வாரம் ஒரு நாள் எடுத்துப் பெங்களூருக்கோ எழும்பூருக்கோ அனுப்பினால் போதும். தகப்பன் நைட் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் கையை நீட்டிவிட்டுப் போகலாம். வலிப்பு வரும்போது செல்போனில் எடுத்த ஒரு நிமிட வீடியோ இ.இ.ஜி.யைவிடச் சில சமயம் அதிகம் சொல்லும். அதையும் கூடவே அனுப்பலாம். அண்ணனுக்கு வில்சன் என்று உறுதியான அன்றே, ஓடியாடி விளையாடும் தங்கையின் பெயரிலும் ஒரு குழாய் எழுத வேண்டும்: அவளுக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு இருக்கிறது, கையெழுத்து இன்னும் கோணாத இந்த வயதில் தொடங்கினால் மாத்திரை அவளை முழுதாகக் காக்கும்.